படையின் உயிர்நிலை: மணிமங்கலம் முதல் பரங்கிமலை வரை

தாம்பரத்துக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் மணிமங்கலம் இருக்கிறது. இந்த ஊரை ஒட்டிய ஏரிகளின் உபரிநீரில்தான் அடையாறு பிறக்கிறது. முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை என்று தென்சென்னையின் புறநகர்களைத் தொட்டுக்கொண்டு சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. இந்தச் சிறிய ஆற்றின் இரு முனைகளிலும் இந்திய வரலாற்றில் இடம்பெற்ற இரண்டு போர்கள் நடந்திருக்கின்றன. ஆறு பிறக்கும் மணிமங்கலத்தில், ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் பேரரசன் இரண்டாம் புலிகேசியை வென்றான். ஆறு கடலைச் சேரும் இடத்தில், 1746இல், ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு பிரெஞ்சு அணி ஆர்க்காட்டு நவாபின் பத்தாயிரம் பேர் கொண்ட படையைச் சிதறடித்தது.

இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 1,100 ஆண்டுகள். அதே காலத்தில் ஐரோப்பாவும் கேடயச் சுவரிலிருந்து குதிரை வீரனுக்கும், அங்கிருந்து நெடுவில்லுக்கும் நீள்ஈட்டிக்கும், பிறகு துப்பாக்கிக்கும் மாறியது. போர்முறை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது நாம் ஆயுதங்களைத்தான் பட்டியல் போடுகிறோம். வில் போய்த் துப்பாக்கி வந்தது, யானை போய்ப் பீரங்கி வந்தது என்று முடித்துவிடுகிறோம். ஆனால் அடையாற்றங்கரையின் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அதைவிட முக்கியமான ஒரு மாற்றம் தெரிகிறது. ஒரு படையின் உயிர்நிலை எங்கே இருந்தது, எதை அடித்தால் அந்தப் படை விழுந்தது என்பதுதான் காலத்துக்குக் காலம் இடம்பெயர்ந்திருக்கிறது. ஆயுதங்கள் அந்த இடப்பெயர்ச்சிக்குத் துணை நின்றன. அதன் பாரத்தைச் சுமந்தவர்களோ போர்க்களத்துக்கு வெளியே இருந்தார்கள்.

செப்பேடுகளில் ஒரு போர்

மணிமங்கலப் போருக்கு முன்கதை உண்டு. கி.பி. 634–35இல் செதுக்கப்பட்ட ஐஹொளே கல்வெட்டு, புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவ மன்னன் மறைந்து காஞ்சியின் மதில்களுக்குப் பின்னால் ஒதுங்கியதாகப் பெருமை பேசுகிறது. அந்தப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். பல்லாவரம் குன்றில் குடைவரை எடுத்துத் தன் பட்டப்பெயர்களைப் பாறையில் வெட்டி வைத்தவன் அவன்தான். அவன் புல்லலூரில் எதிரிகளை அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. காஞ்சிக்கு வடகிழக்கே இருக்கும் அந்தப் புல்லலூர் இந்தக் கட்டுரையில் மீண்டும் வரும்.

மகேந்திரனின் மகன் நரசிம்மவர்மன் காலத்தில் புலிகேசி மறுபடி படையெடுத்தான். பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் நரசிம்மவர்மன் அவனை வென்றதைக் கூரம் செப்பேடும் உதயேந்திரம் செப்பேடும் பதிவு செய்திருக்கின்றன. புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே ஏடாக்கி அதில் வெற்றி என்ற எழுத்துகளைப் பொறித்தான் என்கிறது கூரம் செப்பேடு. பிறகு 642 வாக்கில் பல்லவப் படை சாளுக்கியத் தலைநகரான வாதாபியையே பிடித்தது. வாதாபிப் பாறையில் நரசிம்மவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. இலங்கை இளவரசன் மானவம்மன் இந்தப் போர்களில் பல்லவனுக்குத் துணை நின்றதைச் சூளவம்சம் சொல்கிறது.

காஞ்சிக்குக் கிழக்கே, சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது மணிமங்கலம். வடமேற்கிலிருந்து வந்த படை தலைநகரைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் வரை வந்துவிட்டது என்பதை இந்த இருப்பிடமே காட்டுகிறது. அவ்வளவு உள்ளே வந்த படைக்குத் தண்ணீர் வேண்டும். வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். நூறு கிலோவுக்கு மேல் பசுந்தீவனம் தின்னும். நூற்றுக்கணக்கான யானைகளோடு ஆயிரக்கணக்கான ஆட்களும் பாளையம் இறங்க வேண்டுமென்றால், இந்தச் சமவெளியில் ஏரிக்கரையை விட்டால் வேறு இடம் கிடையாது. தொண்டை மண்டலத்தில் பேராறுகள் குறைவு. ஏரிகள்தான் ஊர்களை வளர்த்தன. படைகளையும் அவைதான் தாங்கின.

யானை என்ற கட்டளைபீடம்

ஏழாம் நூற்றாண்டுப் படையின் அச்சாணி யானை. 640ஆம் ஆண்டையொட்டித் தென்னாடு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், புலிகேசியின் நாட்டில் போருக்குப் புறப்படும் முன் வீரர்களுக்கு மட்டுமின்றி யானைகளுக்கும் மது கொடுத்து வெறியேற்றுவார்கள் என்று எழுதியிருக்கிறார். எதிரணியைக் குலைத்து மிதிப்பதற்குத்தான் இந்த வெறி. பல்லவப் பக்கத்திலும் யானைதான் பலம். வாதாபியை அழித்த தளபதியாகப் பெரியபுராணம் காட்டும் பரஞ்சோதியார், பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார், மருத்துவ நூலும் வடநூலும் கற்றதோடு யானையேற்றத்திலும் குதிரையேற்றத்திலும் தேர்ந்தவர் என்றே சேக்கிழாரால் அறிமுகப்படுத்தப்படுகிறார்.

காலாட்படை இல்லாமல் இல்லை. மகேந்திரவர்மன் காலம் முதலான செங்கம் நடுகற்களில் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக நிற்கும் வீரர்களைப் பார்க்கலாம். ஆனிரை மீட்கவும் ஊரைக் காக்கவும் செத்தவர்கள் அவர்கள். எண்ணிக்கையில் காலாள்தான் எப்போதும் அதிகம். ஆனால் அவர்களை ஒரு படையாகக் கட்டி நிறுத்தியது யானைமேல் இருந்த தலைவனின் உருவம்.

மரமும் குன்றும் குறைந்த சமவெளியில், புழுதிக்கும் பறையொலிக்கும் நடுவே, பின்வரிசையில் நிற்கிறவனுக்குப் போர் எப்படிப் போகிறது என்று எப்படித் தெரியும்? பத்தடி உயரத்தில், குடையும் கொடியுமாக, அரசன் தெரிந்தால் போர் நடக்கிறது. அவன் முன்னேறினால் தானும் முன்னேற வேண்டும். யானைமேல் இருந்த அரசன் ஒரு கட்டளைபீடம். பல்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு தலைவர்களின் கீழ் வந்த ஆட்களை ஒரே படையாக ஒட்டவைக்கும் சக்தியும் அவன்தான். பின்னாளைய வரலாற்று நூல்கள் சில யானைப்படையை மூடத்தனம் என்று எளிதாகத் தள்ளுகின்றன. அன்றைக்கு இருந்த தகவல் வசதியில் அதுவே அறிவார்ந்த ஏற்பாடு. அதன் பலவீனமும் அந்தப் பலத்துக்குள்ளேயே இருந்தது. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறவன் எதிரியின் வில்லாளிக்கும் தெரிவான்.

யானைமேல் துஞ்சிய இருவர்

கி.பி. 949இல் தக்கோலத்தில் அதுதான் நடந்தது. முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனை எதிர்த்து யானைமேல் நின்று போரிட்டான். கூரிய அம்புகள் மார்பைத் துளைத்து அவன் இறந்ததாகச் சோழரின் ஆனைமங்கலச் செப்பேடு சொல்கிறது. எதிர்த்தரப்பின் ஆதகூர்க் கல்வெட்டோ, கங்க மன்னன் இரண்டாம் பூதுகன் யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கி அவனைக் குத்திக் கொன்றான் என்கிறது. எப்படி இறந்திருந்தாலும், இராசாதித்தன் விழுந்தவுடன் சோழப் படையும் விழுந்தது. தொண்டை மண்டலம் பல ஆண்டுகள் சோழர் கையை விட்டுப் போயிற்று.

நூறாண்டுக்குப் பிறகு நடந்த கொப்பத்துப் போரைப் பற்றிப் படிக்க மணிமங்கலத்துக்கே திரும்ப வரலாம். அங்குள்ள இராஜகோபாலப் பெருமாள் கோயில் கருவறைச் சுவர்களில் முதலாம் இராஜாதிராஜன், இரண்டாம் இராஜேந்திரன், வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. நிலம், தானம் போன்ற ஊர்க் காரியங்களைப் பதியும் ஆவணங்கள்தான் அவை. ஆனால் ஒவ்வொன்றும் அரசனின் மெய்க்கீர்த்தியோடு தொடங்குகிறது. அந்த மெய்க்கீர்த்திகளில் துங்கபத்திரை வரை நீண்ட சோழ–சாளுக்கியப் போர்கள் விரிகின்றன. முன்பு போர்க்களமாக இருந்த ஓர் ஊரின் சுவர், நானூறு ஆண்டுக்குப் பிறகு தொலைதூரப் போர்களின் பதிவேடாகியிருக்கிறது.

இரண்டாம் இராஜேந்திரனின் கல்வெட்டில் 1054ஐ ஒட்டி நடந்த கொப்பத்துப் போர் மிக நெருக்கமாகத் தெரிகிறது. சாளுக்கிய ஆகவமல்லனின் படை அம்புகளை யானையைக் குறிவைத்தே எய்கிறது. இராஜேந்திரன் ஏறிய யானையின் மத்தகத்தில் அம்பு தைக்கிறது. அவன் தொடையிலும் தோளிலும் தைக்கிறது. அவனோடு அதே யானைமேல் இருந்த கழலணிந்த வீரர்கள் ஒவ்வொருவராகச் சரிகிறார்கள். அதற்கு முன்பே, அதே களத்தில், அவன் அண்ணன் இராஜாதிராஜன் யானைமேல் இருந்தபடியே இறந்துவிட்டான். ‘யானைமேல் துஞ்சின தேவர்’ என்ற பெயர் அவனுக்கு நிலைத்தது. தக்கோலத்தின் கதை திரும்பவும் நடந்திருக்க வேண்டிய இடம் இது. நடக்கவில்லை. தம்பி இராஜேந்திரன் இன்னொரு யானைமேல் எழுந்து படையைத் தாங்கினான், ஆகவமல்லன் ஓடினான், போர்க்களத்திலேயே இராஜேந்திரனுக்கு முடிசூட்டு நடந்தது.

தக்கோலத்தில் இல்லாத மாற்றுத் தலைவன் கொப்பத்தில் தயாராக இருந்தான். சோழர்கள் தம் படையை இந்த நூறாண்டில் வலுவாகக் கட்டியிருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் யானையாட்கள், குதிரைச் சேவகர், வில்லிகள், வாள்பெற்ற கைக்கோளர், வேளைக்காரப் படைகள் என்று தனித்தனிப் பிரிவுகள் பெயரோடு வருகின்றன. கோயிலின் பணத்தையும் அறக்கட்டளையையும் பொறுப்பேற்று நடத்தும் நிலைத்த அமைப்புகளாக அவை இருந்தன. இருந்தும் படையின் உயிர்நிலை அரச உடம்பில்தான் இருந்தது. அந்த உடம்பு ஒன்றுக்கு இரண்டாக இருந்ததால் படை பிழைத்தது.

இதே தலைமுறையில், 1066 அக்டோபர் 14 அன்று, இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் குன்றில் அரசன் ஹெரால்டு தன் ஆட்களைக் கேடயத்தோடு கேடயம் ஒட்ட நிறுத்திக் காலாளாகவே போரிட்டான். நார்மண்டி வில்லியமிடம் வில்லாளிகளும் குதிரை வீரர்களும் இருந்தார்கள். நாள் முழுக்கத் தாங்கிய அந்தக் கேடயச் சுவர், ஹெரால்டும் அவன் தம்பிமார் இருவரும் விழுந்த பிறகு கலைந்தது. ஒரு நாட்டின் ஆட்சியே அன்று மாலைக்குள் கைமாறியது. கொப்பத்தில் எழுந்து நின்ற தம்பியைப் போல ஹேஸ்டிங்ஸில் ஒருவரும் மிஞ்சவில்லை. பதினோராம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைக்கும் தமிழகப் படைக்கும் ஆயுதங்கள் வேறு, உயிர்நிலை ஒன்றே.

குதிரையின் விலை

அடுத்த நூற்றாண்டுகள் குதிரையின் காலம். ஐரோப்பாவில் கவசம் பூண்ட குதிரை வீரன் போரின் நாயகனானான். அவனுக்கு ஒரு குதிரை போதாது. கவசம், உதவியாள், தீவனம் எல்லாம் வேண்டும். அதற்காக அரசன் நிலம் விட்டான். நிலத்துக்கு ஈடாக அந்தக் குதிரை வீரன் ஆண்டில் சில வாரங்கள் போருக்கு வந்தான். நிலப்பிரபுத்துவம் என்று நாம் பள்ளியில் படித்த அமைப்பின் ஒரு வேர் இந்தக் குதிரைத் தீவனத்தில் இருக்கிறது.

தமிழகத்துக்கு இந்தக் கணக்கு வேறு விதமாக விழுந்தது. நம் வெப்பமும் நெல்வயல்களும் குதிரை வளர்ப்புக்கு ஒத்துவரவில்லை. சங்க காலத்திலிருந்தே குதிரைகள் கப்பலில் வந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரைகளை ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து பொன் கொடுத்து வாங்குவதாகவும், பராமரிக்கத் தெரியாமலும் லாடம் அடிப்பவர் இல்லாமலும் அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போவதாகவும் எழுதுகிறார். அரபுக் குதிரைக்கு வேகவைத்த சோறு போட்டார்கள் என்பதும் அவர் தரும் செய்தி. நாட்டின் செல்வம் இப்படிக் கடலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த நிலையில்தான் 1311இல் மாலிக் காபூரின் குதிரைப்படை மதுரை வரை வந்து யானைகளையும் பொன்னையும் வாரிக்கொண்டு திரும்பியது. விரைந்து வந்து, எய்து, விலகி, மறுபடி சுற்றி வளைக்கும் குதிரை வில்லாளிக்கு முன்னால், நிலைத்து நிற்கும் யானை வரிசையால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஐரோப்பாவில் காலாள் எழுந்தான்

குதிரை வீரனின் ஆதிக்கத்தை ஐரோப்பாவில் முதலில் அசைத்தவர்கள் நெசவாளிகளும் கைவினைஞர்களும். 1302 ஜூலை 11 அன்று, கோர்ட்ரைக் நகருக்கு வெளியே, ஃபிளாண்டர்ஸ் நகரத்துக் காலாட்கள் நீண்ட ஈட்டிகளோடும் கூர்முனைத் தடிகளோடும் நெருங்கி நின்று, ஓடைகள் வெட்டிய ஈர நிலத்தில் பிரெஞ்சுக் குதிரை வீரர்களைச் சிக்கவைத்துக் கொன்றார்கள். இறந்தவர்களின் பொற்குதிமுட்களைக் குவித்துத் தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள். 1346இல் கிரெசியிலும் 1415இல் அஜின்கோர்ட்டிலும் இங்கிலாந்தின் நெடுவில்லாளிகள் அதே பாடத்தைத் திரும்பக் கற்பித்தார்கள். நெடுவில் விலை குறைந்த ஆயுதம். ஆனால் அதை இழுக்கும் தோள் பல ஆண்டுப் பழக்கத்தில் வருவது. அதனால்தான் மூன்றாம் எட்வர்டு 1363இல் திருநாள் ஓய்வில் எல்லோரும் வில் பழக வேண்டும் என்று ஆணையிட்டான். பயிற்சி அங்கே அரசின் அக்கறையாயிற்று.

சுவிஸ் மலைநாட்டார் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். நீள்ஈட்டிகளைப் பிடித்த சதுர அணி, முரசுக்கு அடியெடுத்து, கலையாமல் நடந்தது. 1477இல் நான்சியில் பர்கண்டிக் கோமகன் சார்லஸ் அவர்களிடம் உயிரிழந்தான். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் நாஸோ மாரிஸ், துப்பாக்கியில் மருந்து இட்டுக் கெட்டிக்கும் வேலையைத் தனித்தனி அசைவுகளாகப் பிரித்து, எல்லோரும் ஒரே நேரத்தில் செய்யும்படி பழக்கினான். முன்வரிசை சுட்டுப் பின்னால் போகும். அடுத்த வரிசை முன்னே வரும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சக்கிமுக்கித் துப்பாக்கியும் அதன் முனையில் செருகும் கத்தியும் வந்ததும் ஈட்டிக்காரன் தனியாகத் தேவைப்படவில்லை. துப்பாக்கி பிடித்தவனே ஈட்டிக்காரனும் ஆனான்.

இந்த நானூறு ஆண்டு மாற்றத்தின் சாரம், படையின் உயிர்நிலை தலைவனின் உடம்பிலிருந்து கவாத்துக்கு இடம்பெயர்ந்தது என்பதே. தளபதி விழுந்தாலும் அடுத்த நிலை அதிகாரியின் குரலுக்கு வரிசை சுடும். கவாத்து வேண்டுமென்றால் ஆண்டு முழுக்கப் படையைக் கூட்டி வைக்க வேண்டும். கூட்டி வைத்தால் மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆக, புதிய போர்முறையின் அடியில் துப்பாக்கியைவிட வரிவசூலும் கஜானாவும்தான் இருந்தன.

1746: ஆற்றின் முகத்துவாரத்தில்

துப்பாக்கியும் பீரங்கியும் நவாபின் படைக்குப் புதியவை அல்ல. 1520இல் ராய்ச்சூர் முற்றுகையில் கிருஷ்ணதேவராயருக்காகப் போர்த்துகீசியத் துப்பாக்கி வீரர்கள் கோட்டைமேல் நின்றவர்களைச் சுட்டு வீழ்த்தியதை நூனிஸ் எழுதியிருக்கிறார். இரண்டு நூற்றாண்டாகத் தென்னாட்டில் வெடிமருந்து புழங்கியது. ஆயுதம் மட்டுமே போர்முறையை மாற்றும் என்றால் 1746இன் முடிவு வேறாக இருந்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சார் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைப் பட்டணத்தைப் பிடித்தார்கள். தனக்குத் தருவதாகச் சொன்ன பட்டணத்தைப் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே தராததால், நவாப் அன்வருத்தீன் கான் தன் மகன் மஃபூஸ் கானைப் படையோடு அனுப்பினான். கோட்டையிலிருந்து வெளியே வந்த ஒரு சிறு பிரெஞ்சு அணியின் களப் பீரங்கிகள் இடைவிடாமல் சுட்டதில் நவாபின் குதிரைப்படை முதலில் கலைந்தது. ஒரு முறை சுட்டால் மறுமுறை சுட நெடுநேரம் ஆகும் பீரங்கிகளைத்தான் அவர்கள் பழகியிருந்தார்கள். இதற்குள் பாண்டிச்சேரியிலிருந்து பாரதி என்ற சுவிஸ் அதிகாரி ஓர் அணியோடு வந்துகொண்டிருந்தார். அதில் சில நூறு ஐரோப்பியரும், பிரெஞ்சார் கவாத்து பழக்கிய சிப்பாய்களும் இருந்தார்கள். மஃபூஸ் கான் சாந்தோம் பக்கமாக அடையாற்றின் வடகரையில் அவர்களை மறித்து நின்றான். ஆங்கிலேயரின் பழைய நாட்காட்டிப்படி அக்டோபர் 24. பிரெஞ்சு நாட்காட்டியில் நவம்பர் 4.

இன்று திரு.வி.க. பாலம் கடக்கும் அந்தக் கீழாற்றுப் பகுதியில் ஆறு அகலமானது, ஆழமற்றது. பாரதியிடம் பீரங்கி இல்லை. எதிர்க்கரையில் பீரங்கிகள் சுட, அவருடைய ஆட்கள் வரிசை கலையாமல் ஆற்றில் இறங்கினார்கள். துப்பாக்கி வீரனுக்கு அப்போது செய்யக் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்: தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கிழி, சிறிது மருந்தைச் சக்கிமுக்கிக் கிண்ணத்தில் இடு, மீதியைக் குழாயில் கொட்டு, குண்டைப் போடு, கழியால் கெட்டி, கட்டளை வரும்வரை சுடாதே. கடைசி விதிதான் எல்லாவற்றிலும் கடினமானது. எதிரி குண்டு பக்கத்தில் நிற்பவனை வீழ்த்தும்போதும் விரலை அடக்கி வைத்திருப்பது வீரத்தைவிடப் பழக்கத்தால் வருவது. கரையேறிய வரிசை ஒரே வீச்சில் சுட்டது. பிறகு துப்பாக்கி முனைக் கத்திகளோடு பாய்ந்தது. நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் ஒதுங்க, அங்கே நெருக்கடியில் குண்டுகள் இன்னும் மோசமாக விழுந்தன.

மஃபூஸ் கான் அன்று யானைமேல் இருந்தான். கர்நாடக நவாபின் பெருங்கொடி அந்த யானைமேல்தான் பறந்தது. முதலில் களத்தை விட்டு விலகியவர்களில் அவனும் ஒருவன் என்று ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். கொடி போவதைப் பார்த்த படை எப்படி நிற்கும்? மணிமங்கலத்தில் படையை ஒன்றாகக் கட்டிய அதே யானைதான் முகத்துவாரத்தில் அதைக் கலைத்தது.

நவாபின் ஆட்கள் கோழைகள் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அநியாயம். அவனுடைய குதிரை வீரன் ஏறிய குதிரை பெரும்பாலும் அவனுடையது அல்லது அவனைக் கூட்டிவந்த ஜமேதாருடையது. அது செத்தால் அவன் பிழைப்பு போயிற்று. சம்பளமோ பல மாதம் பாக்கி. மூலதனத்தையே பணயம் வைத்துப் பீரங்கிக்கு எதிரே பாய அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. அதே ஊர்களில் பிறந்து, அதே சோறு தின்று, பிரெஞ்சு வரிசையில் நின்ற சிப்பாய்கள் பின்வாங்கவில்லை. மாதச் சம்பளமும் கவாத்தும் பக்கத்தில் நிற்பவன்மீதுள்ள நம்பிக்கையுமே இரண்டு சாராருக்கும் நடுவே இருந்த வேறுபாடு.

பரங்கிமலையும் புல்லலூரும்

ஆங்கிலேயர் இந்தப் பாடத்தை உடனே படித்தார்கள். 1748இல் வந்த ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் சிப்பாய்க் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தினார்; பத்தாண்டில் அவை பட்டாளங்களாயின. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது இரு தரப்பிடமும் கவாத்துப் பழகிய வரிசைகள் இருந்தன. அப்படியானால் எது தீர்மானிக்கும்? சோறும் மருந்தும் சம்பளமும். பாண்டிச்சேரிக் கஜானா காலி. லாலியின் வீரர்களுக்குச் சம்பளம் பாக்கி. மறுபக்கம், மூன்று புறமும் ஏரியும் சதுப்பும் காத்த செங்கல்பட்டுக் கோட்டை ஆங்கிலேயர் கையில் இருந்தது. அங்கிருந்து தளபதி பிரஸ்டனும், மருதநாயகம் என்று நாம் அறியும் முகமது யூசுப் கானும், முற்றுகைக்காரரின் தானிய வண்டிகளையும் மாடுகளையும் ஓயாமல் பறித்தார்கள். 1759 பிப்ரவரியில் அவர்களை ஒழிக்க லாலி அனுப்பிய படை பரங்கிமலை அடிவாரத்தில் நாள் முழுக்க மோதிப் பார்த்துத் திரும்பியது. சில நாளில் ஆங்கிலக் கப்பல்கள் வர, முற்றுகை கலைந்தது. கோட்டைக் கொத்தளத்தில் நடந்ததைவிடச் செங்கல்பட்டுச் சாலையில் நடந்த வேலை குறைந்ததல்ல.

படையின் உயிர்நிலை இப்போது கவாத்தையும் தாண்டி வண்டிக்கும் களஞ்சியத்துக்கும் வந்துவிட்டது. 1780இல் அதை முற்றிலும் புரிந்துகொண்டவர் மைசூரின் ஐதர் அலி. ஆங்கிலேய ஜெனரல் மன்றோ பரங்கிமலையில் படை திரட்டிக் காஞ்சிக்குப் போனார். வடக்கிலிருந்து கர்னல் பெய்லியின் படை அவரோடு சேர வந்தது. இரண்டும் சேருவதற்குள், செப்டம்பர் 10 அன்று, ஐதரும் அவர் மகன் திப்புவும் பெய்லியைப் புல்லலூரில் வளைத்தார்கள். மகேந்திரவர்மன் வென்ற அதே புல்லலூர். சதுர அணி கட்டி நின்ற பெய்லியின் சிப்பாய்களைக் குதிரைகளால் முதலில் உடைக்க முடியவில்லை. இரும்புக் குழாய்களில் அடைத்த ராக்கெட்டுகளும் பீரங்கிகளும் சுட்டதில் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. அதன் பிறகே அணி உடைந்தது. வரிசை என்னதான் பழகியிருந்தாலும் மருந்து இல்லாத துப்பாக்கி வெறும் கழி. சில மைல் தூரத்தில் பீரங்கிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த மன்றோ, காஞ்சியில் சேர்த்த அரிசியை விட்டு நகரத் தயங்கியவர். தோல்வி தெரிந்ததும் கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பரங்கிமலைப் பக்கம் திரும்பினார். அந்த ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் பின்னாளில் இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளைச் செய்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த போர்முறைக்கு மைசூர் தந்த பதில், ஐரோப்பாவுக்கே திரும்பப் போயிற்று.

கணக்கில் வராதவர்கள்

உயிர்நிலை அரசனின் உடம்பில் இருந்தபோது போரை அங்கேயே முடிக்க முடிந்தது. பழைய போர்களும் ஊரைச் சுட்டன. இராஜாதிராஜன் சாளுக்கியத் தலைநகர் கல்யாணபுரத்தை எரித்து எடுத்துவந்த துவாரபாலகர் சிலையே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த எரிப்பு வெற்றிக்குப் பின் வந்த பெருமை. உயிர்நிலை உணவுக்கும் வரிக்கும் மாறியதும், எரிப்பதே வெற்றிக்கான வழியாயிற்று. ஐரோப்பாவில் 1355இலேயே இங்கிலாந்தின் ‘கறுப்பு இளவரசன்’ எட்வர்டு, பிரெஞ்சு அரசனின் வருவாயை அழிப்பதற்காகவே போர்தோ முதல் நார்போன் வரை ஊர்களைக் கொளுத்திக்கொண்டு போனான். 1780இல் ஐதரின் குதிரைகள் சென்னையைச் சுற்றிய ஊர்களில் அதைத்தான் செய்தன. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைப் பட்டினி போட, கம்பெனியின் ஜாகீராக இருந்த செங்கல்பட்டுச் சீமை எரிந்தது. மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். மராமத்து இன்றி ஏரிகள் பாழாயின. 1781–82இல் சென்னையில் பஞ்சம் வந்தது. 1790களில் லயனல் பிளேஸ் கலெக்டராக வந்து மதுராந்தகம் முதலிய ஏரிகளைப் பழுதுபார்க்கும் வரை அந்தச் சீமை தலைநிமிரவில்லை.

இந்தச் சமவெளி இன்றும் படைகளின் நிலம்தான். பரங்கிமலையில் 1963 முதல் ராணுவ அதிகாரிகள் பயிற்சியகம் நடக்கிறது. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954 முதல் விமானப் பயிற்சியாளர்களுக்கே பயிற்சி தரப்படுகிறது. பல்லாவரத்தின் கன்டோன்மென்ட் கம்பெனிக் காலத்து எச்சம். ஆனால் நம் பிள்ளைகள் இந்த மண்ணின் போர்களை வென்றவர் தோற்றவர் பெயர்களாக மட்டுமே படிக்கிறார்கள். அந்தப் பெயர்களோடு சேர்த்து மூன்று கேள்விகளையும் கற்பித்தால் வரலாறு வேறாகத் தெரியும்: அந்தப் படைக்குத் தண்ணீரும் சோறும் யாருடைய ஏரியிலிருந்தும் வயலிலிருந்தும் வந்தன? வரிசையில் நின்றவனுக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள், எந்த வரியிலிருந்து? போர் முடிந்த பிறகு ஏரியைக் கட்ட எத்தனை ஆண்டு ஆயிற்று? மணிமங்கலத்துக்கும் தக்கோலத்துக்கும் அடையாற்றுக்கும் புல்லலூருக்கும் இந்தக் கேள்விகள் ஒன்றே. ஆயுதத்தின் வரலாறு வென்றவனின் சாமர்த்தியத்தைச் சொல்லும். உழவனும் சிப்பாயும் ஏரி கட்டிய கூலியாளும் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது போரின் வரலாறு ஆகும்.